கணக்கு நோட்டைத் திறந்து காட்டியவர்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



பிரெஞ்சுப் புரட்சி என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பாஸ்டில் சிறை. 1789 ஜூலை 14. மன்னர் பதினாறாம் லூயி. கில்லட்டின். பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்ததில் இவ்வளவுதான் மிச்சம்! ஆனால் பாரிஸ் ஜனங்கள் அந்த ஜூலை மாதம் எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள்? பசி என்போம். வரி என்போம். இரண்டும் சரிதான். ஆனாலும் அந்த வாரம் வைக்கோல்போரில் விழுந்த தீக்குச்சி வேறு. மன்னர் தன்னுடைய நிதி மந்திரியை வேலையை விட்டு நீக்கினார். அதுதான் சேதி!

நிதி மந்திரிக்காக ஜனங்கள் தெருவில் இறங்கினார்களா? வரி போடுகிற ஆளை உலகத்தில் யாருக்காவது பிடிக்குமா? ஆனால் நடந்தது அதுதான். அவர் பெயர் ழாக் நெக்கர். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் வந்து, அடுத்த வரியில் காணாமல் போய்விடுவார்.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நிதி மந்திரி கதை எதுக்குடா என்று நீங்கள் கேட்கலாம். எங்க குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை என்பதால், எங்க தெருப் பெண்களின் சேமிப்புக் குழு நோட்டு ஏழாம் வகுப்பிலிருந்தே என் கையில்தான் இருக்கிறது. யார் எவ்வளவு கட்டினார்கள், யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், வட்டி எவ்வளவு என்று வாராவாரம் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட எனக்கு, ஒரு நாட்டின் கணக்கு நோட்டையே ஜனங்கள் முன்னால் திறந்து வைத்த மனிதரைப் பற்றித் தெரிந்ததும் சும்மா விட மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பதினெட்டு வயது எழுத்தர்

ஜெனீவா இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அன்று அது ஒரு தனிக் குடியரசு. அங்கே 1732 செப்டம்பர் 30-ஆம் தேதி நெக்கர் பிறந்தார். அப்பா சட்டப் பேராசிரியர். குடும்பம் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவக் குடும்பம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வேலை செய்யப் போகிறது.

பையன் சின்ன வயதிலேயே வங்கி வேலைக்குப் போய்விட்டான். 1750-ஆம் ஆண்டுவாக்கில் பாரிஸுக்கு அனுப்பினார்கள். அப்போது வயது ஏறக்குறைய 18. நம்ம வயசு! வெர்னே என்பவருடைய வங்கியில் எழுத்தர் வேலை. பேரேடு, குறிப்பேடு, வரவு, பற்று என்று காலையிலிருந்து இரவு வரை மேசையை விட்டு எழுந்திருக்காத வேலை. பட்டம் இல்லை, பிரபு வம்சம் இல்லை, அந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. கையில் இருந்தது கணக்கு மட்டும்தான்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1762-ல் வெர்னே ஓய்வு பெற்றார். எழுத்தராக வந்த நெக்கர் பங்குதாரர் ஆனார். தெலுசோன் என்பவரோடு சேர்ந்து அவர் நடத்திய வங்கி பாரிஸின் பெரிய வங்கிகளில் ஒன்றாக வளர்ந்தது. ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்த சமயம் அரசுப் பத்திரங்களிலும் தானிய வியாபாரத்திலும் நல்ல லாபம் பார்த்தார். சமாதானம் வரப் போகிற விஷயம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, அதை வைத்துத்தான் பத்திரங்களை வாங்கினார் என்று ஒரு குற்றச்சாட்டும் அவர் மேல் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதுகிறவன் ஒரு பக்கத்தை மட்டும் காட்டக் கூடாது, இல்லையா?

நம்ம ஊர்ப் பக்கம் ஒரு சம்பந்தம்

இந்த மனிதருக்கும் நம்ம பக்கத்துப் புதுச்சேரிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவில் தலைமையிடம் புதுச்சேரிதான். 1761-ல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். போர் முடிந்து ஊர் திரும்பக் கிடைத்தது. ஆனால் கம்பெனி கடனில் முங்கிக் கிடந்தது. அந்தக் கம்பெனியின் நிர்வாகிகளில் ஒருவராக நெக்கர் வந்து சேர்ந்தார். கம்பெனியை மூடிவிடலாம் என்று மொரெல்லே என்ற அறிஞர் எழுத, கூடாது என்று நெக்கர் பதில் எழுதினார். கடைசியில் 1769-ல் அரசாங்கம் கம்பெனியின் ஏகபோக உரிமையை எடுத்துவிட்டது. நெக்கர் தோற்றார். ஆனால் அந்த வாதத்தில்தான் பாரிஸ் முதன்முதலாக அவரைத் திரும்பிப் பார்த்தது. வங்கிக்குள் இருந்த மனிதர் பொது விஷயத்தில் வாயைத் திறந்துவிட்டார்!

வெள்ளிக்கிழமை விருந்து

1764-ல் நெக்கருக்குக் கல்யாணம் ஆயிற்று. மணமகள் சூசான் குர்ஷோ, ஒரு கிராமத்துப் பாதிரியாரின் மகள். நிறையப் படித்தவர், பணம் கிடையாது. முன்பு கிப்பன் என்ற ஆங்கிலேயர் அவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்று பின்வாங்கிவிட்டார். பின்னாளில் ரோம சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியைப் பற்றிப் பெரிய சரித்திரம் எழுதிய அதே கிப்பன்தான்!

சூசான் சாமானியப்பட்டவர் இல்லை. அவர் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் விருந்து. திதெரோ, தலம்பேர், பூஃபோன் போன்ற பெரிய எழுத்தாளர்களும் விஞ்ஞானிகளும் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். நெக்கர் பெரும்பாலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாராம். 1766-ல் பிறந்த அவர்களுடைய ஒரே மகள் ழெர்மேன், சின்ன வயதில் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் பேச்சையெல்லாம் கேட்டு வளர்ந்தார். மதாம் த ஸ்தால் என்று ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற எழுத்தாளர் அந்தக் குழந்தைதான்.

1772-ல் நெக்கர் வங்கிப் பொறுப்பை விட்டார். அடுத்த வருஷம் பழைய நிதி மந்திரி கொல்பேரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு பிரெஞ்சு அகாதெமியின் பரிசு கிடைத்தது. 1775-ல் தானிய வியாபாரத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அப்போது நிதி மந்திரி துர்கோ, தானியத்தை யாரும் எங்கும் எந்த விலைக்கும் விற்கலாம் என்று கட்டுப்பாட்டை எடுத்திருந்தார். விளைச்சலும் குறைவு. ரொட்டி விலை ஏறி, ஊருக்கு ஊர் கலவரம். அதற்கு மாவுப் போர் என்றே பெயர். பசித்தவன் சந்தைக்காகக் காத்திருக்க முடியாது, ரொட்டி விஷயத்தில் அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது நெக்கரின் கட்சி. 1776-ல் துர்கோ போனார். அதே வருஷம் அக்டோபரில் நெக்கர் உள்ளே வந்தார்.

சம்பளம் வாங்காத மந்திரி

இப்போது அந்த மத விஷயத்துக்கு வருவோம். அன்றைய பிரான்சில் புராட்டஸ்டண்ட் ஒருவர் நிதித் தலைமைக் கட்டுப்பாட்டாளர் ஆக முடியாது. மன்னரின் ஆலோசனைச் சபையில் உட்காரவும் முடியாது. ஆனால் கஜானா காலி, ஆள் வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? பெயரை மாற்றினார்கள்! 1777 ஜூனில் நிதித் துறைத் தலைமை இயக்குநர் என்று ஒரு புதுப் பதவி. வேலை அதே வேலை. நாற்காலி மட்டும் கிடையாது. பணம் சேர்த்துக் கொடுக்க நெக்கர் வேண்டும், அந்தப் பணத்தை எங்கே செலவழிக்கலாம் என்று மற்ற மந்திரிகள் பேசும் அறைக்குள் நெக்கர் வரக் கூடாது. நெக்கர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதோடு தன் சொந்தப் பணத்தில் 20 லட்சம் லிவருக்கு மேல் அரசாங்கத்துக்குக் கடனாகவும் கொடுத்தார். (லிவர் என்பது அன்றைய பிரான்ஸ் பணம். மெக்கானிக்கல் நண்பர்கள் நெம்புகோல் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்!)

அந்த நாட்டில் வரியை அரசாங்கம் நேரடியாக வசூலிக்கவில்லை. குத்தகைக்கு விட்டிருந்தது. நம்ம ஊரில் சந்தைக் குத்தகை, புளியமரக் குத்தகை எடுப்பது போல உப்பு வரி, புகையிலை வரியைக் குத்தகை எடுத்த பெரும் பணக்காரர்கள் 60 பேர். நெக்கர் அதை 40 ஆகக் குறைத்தார். காசு கொடுத்து வாங்கிய தேவையில்லாத கஜானாப் பதவிகளை நூற்றுக்கணக்கில் ஒழித்தார். மன்னரின் சொந்த நிலங்களில் மிச்சமிருந்த பண்ணையடிமை முறையை 1779-ல் நீக்க வைத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகக் கைதிகளைச் சித்திரவதை செய்யும் வழக்கம் 1780-ல் அவர் காலத்தில் சட்டப்படி நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று, 1777-ல் பாரிஸில் தொடங்கிய அரசாங்க அடகுக்கடை. அதுவரை ஏழைகள் தட்டுமுட்டுச் சாமானை அடகு வைக்க வட்டிக்காரர்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் வைத்ததுதான் வட்டி. மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று நாம் கேள்விப்பட்டதெல்லாம் அங்கேயும் உண்டு. அதற்கு மாற்றாகக் குறிப்பிட்ட வட்டிக்கு அடகு பிடிக்கும் இடம் வந்தது. இன்னொன்று, 1778-ல் சூசான் அம்மையார் தொடங்கிய ஆஸ்பத்திரி. அந்தக் காலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் பல நோயாளிகளைப் படுக்க வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் செத்துப் போனாலும் கொஞ்ச நேரம் கூடவே கிடக்க வேண்டியதுதான். ஒரு நோயாளிக்கு ஒரு கட்டில் என்று சூசான் விதி வைத்தார். நெக்கர் பெயரில் அந்த ஆஸ்பத்திரி பாரிஸில் இன்றும் நடக்கிறது. 1816-ல் லாயென்னெக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தது அங்கேதான்!

முப்பது பெண் குழந்தைகள்

இனிமேல்தான் சிக்கல். 1778-ல் பிரான்ஸ், அமெரிக்கர்களின் விடுதலைப் போரில் ஆங்கிலேயருக்கு எதிராக இறங்கியது. கப்பல், பீரங்கி, சிப்பாய், சம்பளம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். வரியை ஏற்றினால் ஜனங்கள் தாங்க மாட்டார்கள். பிரபுக்களும் மதகுருமார்களும் பெரும்பாலான வரியைக் கட்டுவதில்லை. நெக்கர் கடன் வாங்கினார். அவர் பெயரைச் சொன்னால் கடன் கிடைத்தது. நம்ம மொழியில் காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர், நேர்மைக்கும் நாணயம் என்றுதான் பெயர். நெக்கர் அந்த இரண்டாவது நாணயத்தைக் காட்டி முதல் நாணயத்தை வாங்கினார். ஐந்து வருஷத்துக்குள் 50 கோடி லிவருக்கும் மேலே!

கடனில் பெரிய பகுதி ஆயுள் பத்திரம். நீங்கள் 1,000 லிவர் கொடுத்தால், நீங்கள் பெயர் குறிப்பிடும் ஒரு ஆள் உயிரோடு இருக்கும் வரை அரசாங்கம் வருஷத்துக்கு 100 லிவர் வரை தரும். அந்த ஆளுக்கு 6 வயதா, 60 வயதா என்று அரசாங்கம் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே விகிதம். ஜெனீவா வங்கிக்காரர்கள் விடுவார்களா? அம்மை வந்து பிழைத்த, நல்ல ஆரோக்கியமான, நீண்ட ஆயுள் உள்ள குடும்பத்துச் சிறுமிகளாக டாக்டரை வைத்துப் பார்த்து 30 பேரைப் பொறுக்கினார்கள். பத்திரங்களையெல்லாம் அந்தச் சிறுமிகள் பெயரிலேயே எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் ஜெனீவா நகரமே கவலைப்படும்! இப்படியே போனால் அரசாங்கம் எத்தனை வருஷம் வட்டி கட்டும்? வட்டி விகிதம் போடும்போது வயதைக் கணக்கில் எடுத்திருந்தால் இந்தப் பொறியில் மாட்டியிருக்க வேண்டியதில்லை. நெக்கருக்கு உடனே பணம் வேண்டியிருந்தது. பாரம் பின்னால் வருகிறவர்கள் தலையில் ஏறியது.

நீல அட்டைப் புத்தகம்

1781 பிப்ரவரியில் நெக்கர் ஒரு காரியம் செய்தார். அதற்கு முன் பிரான்சில் யாரும் செய்யாத காரியம். மன்னருக்கு அளிக்கும் கணக்கறிக்கை என்ற பெயரில் நாட்டின் வரவு செலவை அச்சடித்துக் கடையில் விற்க விட்டார்! நீல நிற அட்டை. கிட்டத்தட்ட ஒரு லட்சம் பிரதிகள் விற்றன. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே கொஞ்சம் பேர் இருந்த காலத்தில் ஒரு லட்சம்! பிற மொழிகளிலும் பெயர்த்தார்கள்.

அதுவரை நாட்டின் கணக்கு மன்னரின் ரகசியம். வரி கட்டுகிற குடியானவனுக்கு அது எங்கே போகிறது என்று கேட்க உரிமை இல்லை. இப்போது பாரிஸில் துணி வெட்டுகிறவரும் ரொட்டிக்கடைக்காரரும் அரண்மனைச் செலவைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார்கள். மன்னரின் தயவில் பிரபுக்களும் சீமாட்டிகளும் சும்மா உட்கார்ந்து வாங்கும் உதவித்தொகை எத்தனை கோடி என்று வெட்டவெளிச்சம் ஆகிவிட்டது. அரண்மனை கொதித்தது. ஜனங்கள் நெக்கரைத் தலைமேல் தூக்கி வைத்தார்கள்.

மொத்தக் கணக்கு என்ன சொன்னது? வரவு 26 கோடியே 40 லட்சம் லிவர். செலவு ஏறக்குறைய 25 கோடியே 40 லட்சம். மிச்சம் 1 கோடி லிவருக்கும் மேலே. போர் நடக்கிறது, அப்படியும் மிச்சம்! எல்லாரும் அசந்து போனார்கள்.

நோட்டில் இல்லாத பக்கம்

ஆனால் நண்பர்களே, இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் காட்டியது வழக்கமான வரவும் வழக்கமான செலவும். போர்ச் செலவு வழக்கமான செலவு இல்லை, ஆகவே அந்த மொத்தத்தில் அது வரவில்லை. எண்கள் பொய்யில்லாமல் இருக்கலாம். படித்தவர்களுக்குக் கிடைத்த சித்திரம் பொய்தானே? மளிகைக்கடை பாக்கி, வீட்டு வாடகை எல்லாம் ஒரு நோட்டில் ஒழுங்காக எழுதி மாதம் நூறு ரூபாய் மிச்சம் என்று காட்டிவிட்டு, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனை வேறு நோட்டில் எழுதி பரணில் போட்டு வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்க தெருவில் முன்பு ஒருவர் சீட்டு நடத்தினார். மாதாமாதம் நோட்டைக் காட்டுவார். யார் கட்டினார்கள் என்ற பக்கம் மட்டும். சீட்டுப் பணத்தைத் தான் எங்கே போட்டிருக்கிறேன் என்ற பக்கத்தைக் காட்டியதே இல்லை. ஒரு நாள் வீடு பூட்டிக் கிடந்தது. எங்க அம்மாவின் இரண்டு வருஷச் சித்தாள் கூலி அதில் போனது. அப்புறம்தான் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சொந்தமாகக் குழு ஆரம்பித்து, நோட்டை என் கையில் கொடுத்தார்கள். எல்லாப் பக்கத்தையும் படி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

நெக்கர் அந்தச் சீட்டுக்காரர் மாதிரி இல்லை. அவர் ஒரு காசு எடுக்கவில்லை, சொந்தக் காசைத்தான் போட்டார். கடன் கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காகவே அந்தக் கணக்கை அழகாகக் காட்டினார். ஆனால் அதன் பலன் என்ன? அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பணம் இல்லை என்று சொன்னபோது ஜனங்கள் நம்பவில்லை. நெக்கர் காலத்தில் மிச்சம் இருந்ததே, நீங்கள்தான் தின்றுவிட்டீர்கள் என்றார்கள். 1787-ல் கலோன் என்ற மந்திரி பெரும் பற்றாக்குறை என்று ஒப்புக்கொண்டு, நெக்கர் கணக்கே தப்பு என்றார். நெக்கர் பதில் அச்சிட்டார். மன்னர் கோபப்பட்டு அவரைப் பாரிஸுக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

அதற்கு முன்னாலேயே, நீலப் புத்தகம் வந்த மூன்றாம் மாதம், 1781 மே 19-ல் நெக்கர் பதவி விலகியிருந்தார். ஆலோசனைச் சபையில் இடம் கொடுங்கள் என்று கேட்டார். கிடைக்கவில்லை.

பஞ்ச வருஷம்

1788 ஜூலை 13-ஆம் தேதி பிரான்சில் பயங்கர ஆலங்கட்டி மழை. அறுவடைக்கு நின்ற பயிர் நாசம். ஆகஸ்டில் கஜானாவில் ரொக்கம் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. வேறு வழியில்லாமல் மன்னர் நெக்கரைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் வந்த சேதி கேட்டே அரசுப் பத்திரங்களின் விலை ஏறியது என்றால் பாருங்களேன்!

வந்தவர் முதலில் தானியத்தைப் பார்த்தார். ஏற்றுமதிக்குத் தடை போட்டார். வெளிநாட்டிலிருந்து தானியம் வரவழைத்தார். குளிர்காலத்தில் சேன் நதியே உறைந்தது. 1789 பிப்ரவரியில் பாரிஸில் நாலு பவுண்டு ரொட்டி 14 சூவுக்கு மேல். ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி 20-லிருந்து 30 சூ. பாதிக் கூலி ரொட்டிக்கே சரி. எங்க அம்மா கூலியில் அரிசி போக மிச்சம் என்ன என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்த எண்ணைப் படித்ததும் பிரான்ஸ் ரொம்ப தூரத்து நாடாகத் தெரியவில்லை.

175 வருஷம் கூடாத மக்கள் பிரதிநிதிகள் சபையைக் கூட்ட முடிவாயிற்று. மதகுருமார், பிரபுக்கள், மற்ற எல்லா ஜனங்களும் சேர்ந்த மூன்றாம் பிரிவு என்று மூன்று பிரிவு. மூன்றாம் பிரிவுக்கு இரண்டு மடங்கு இடம் தர வேண்டும் என்று 1788 டிசம்பரில் நெக்கர் மன்னரைச் சம்மதிக்க வைத்தார். ஆனால் ஆளுக்கு ஒரு ஓட்டா, பிரிவுக்கு ஒரு ஓட்டா என்ற முக்கியமான கேள்வியை முடிவு செய்யாமல் விட்டார். பிரிவுக்கு ஒரு ஓட்டு என்றால் இரண்டு மடங்கு ஆள் இருந்தும் என்ன பிரயோஜனம்? 1789 மே 5-ல் சபை கூடியபோது நாடே அவர் வாயைப் பார்த்தது. அவர் மூன்று மணி நேரம் புள்ளிவிவரம் படித்தார். பாதியில் தொண்டை கட்டி, மிச்சத்தை இன்னொருவரை விட்டுப் படிக்கச் சொன்னார். ஜனங்கள் புது வழியை எதிர்பார்த்து வந்தார்கள். கையில் கிடைத்தது பேரேடு.

ஜூலை 11

ஜூலை 11, சனிக்கிழமை. நெக்கர் வீட்டில் விருந்தாளிகள். சாப்பாட்டு நேரத்தில் மன்னரின் கடிதம் வந்தது. உடனே, சத்தம் போடாமல் நாட்டை விட்டுப் போக வேண்டும். அவர் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு விருந்தாளிகளோடு பேசி முடித்தார். பிறகு காற்று வாங்கப் போவது போல மனைவியோடு வண்டியில் ஏறினார். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. உடுத்திய உடையோடு பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் பாரிஸுக்குச் சேதி தெரிந்தது. பலே ரொயால் தோட்டத்தில் கமீய் தெமூலேன் என்ற இளம் பத்திரிகையாளர் மேசை மேல் ஏறிப் பேசினார். மெழுகுச் சிலைக் கண்காட்சியிலிருந்து நெக்கரின் மார்பளவுச் சிலையை எடுத்து ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். நெக்கரை நீக்கினால் ரொட்டி போச்சு, கடன் பத்திரத்தில் போட்ட பணம் போச்சு, அடுத்து சிப்பாய்கள் வருவார்கள் என்று பயம். இரண்டு நாள் கழித்து பாஸ்டில் விழுந்தது. ஜூலை 16-ல் மன்னர் வேறு வழியில்லாமல் நெக்கரைத் திரும்பக் கூப்பிட்டார்.

அந்த இடைப்பட்ட நாளில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பாரிஸுக்குத் தானியம் அனுப்ப ஆம்ஸ்டர்டாமில் ஹோப் என்ற வங்கி ஜாமீன் கேட்டிருந்தது. நெக்கர் தன் சொந்தப் பணம் 20 லட்சம் லிவரை ஜாமீனாக எழுதியிருந்தார். இப்போது அவர் மந்திரி இல்லை, விரட்டப்பட்டவர். ஜாமீனை ரத்து செய்திருக்கலாம். யாரும் கேட்க முடியாது. பிரஸ்ஸல்ஸ் போனதும் அவர் எழுதிய கடிதம் என்ன தெரியுமா? என் ஜாமீன் அப்படியே இருக்கிறது, தானியத்தை அனுப்புங்கள் என்பதுதான். நாணயம் என்றால் இதுதானே?

கைதட்டிய கைகள்

திரும்பி வரும் வழியெல்லாம் கொண்டாட்டம். ஜூலை 30-ல் பாரிஸ் நகர மண்டபத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த மகிழ்ச்சியான வேளையில் அவர் தனக்காக எதுவும் கேட்கவில்லை. சிறைப்பட்டிருந்த பெசென்வால் என்ற தளபதிக்கும் மற்றவர்களுக்கும் மன்னிப்பு கேட்டார். கொடுத்தார்கள். அன்று இரவே ரத்து செய்தார்கள். அவர் செல்வாக்கு இறங்க ஆரம்பித்தது அந்த இரவுதான்.

ஆகஸ்டில் இரண்டு முறை கடன் கேட்டார், போதிய பணம் சேரவில்லை. எல்லாரும் வருமானத்தில் நாலில் ஒரு பங்கு தர வேண்டும் என்று திட்டம் போட்டு, முதலில் தானே ஒரு லட்சம் லிவர் கொடுத்தார். அதுவும் போதவில்லை. தேசிய சபை திருச்சபை நிலங்களை எடுத்து, அவற்றை ஈடாகக் காட்டி அசிஞ்யா என்ற காகிதப் பணத்தை அடித்தது. கொஞ்சம் அடிக்கலாம், அளவு மீறினால் ஆபத்து என்று நெக்கர் எச்சரித்தார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. 1790 செப்டம்பர் தொடக்கத்தில் ராஜினாமா செய்தார். போகும் வழியில் ஆர்சி என்ற ஊரில் அவரைப் பிடித்து வைத்தார்கள். தேசிய சபை அனுமதி கொடுத்த பிறகுதான் விட்டார்கள். முந்தின வருஷம் கைதட்டி வரவேற்ற நாட்டில் இந்த முறை கூட்டம் வண்டியை மறித்து வைதது.

அவர் போன அதே மாதக் கடைசியில் மேலும் 80 கோடி லிவருக்கு அசிஞ்யா அடிக்கச் சபை முடிவு செய்தது. அப்புறம் அச்சு நிற்கவே இல்லை. 1796-ல் அச்சுத் தகடுகளை ஜனங்கள் முன்னால் உடைத்தபோது, நூறு லிவர் காகிதத்துக்கு ஒரு லிவர்கூடப் பெறாது. கூலி வாங்குகிறவனுடைய கையில்தான் அந்தக் காகிதம் கடைசியாக மிஞ்சியது.

கஜானாவில் விட்டுப் போன பணம்

நெக்கர் ஜெனீவா ஏரிக்கரையில் கொப்பே என்ற ஊரில் தன் மாளிகையில் வாழ்ந்தார். 20 லட்சம் லிவரைப் பிரான்ஸ் கஜானாவிலேயே விட்டுவிட்டுத்தான் போயிருந்தார். என் கணக்கில் ஏதாவது குறை இருந்தால் இதில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போல. 1792-ல் மன்னர் உயிருக்கு ஆபத்து வந்தபோது, தன்னை இரண்டு முறை இழந்த அதே மன்னருக்காக வாதாடி எழுதி வெளியிட்டார். பலன் இல்லை. 1794-ல் சூசான் இறந்தார். 1800-ல் நெப்போலியன் இத்தாலிப் போருக்குப் போகும் வழியில் ஜெனீவாவில் அவரைச் சந்தித்தான். பழைய காலத்து மனிதர் என்று நினைத்துப் போய்விட்டான்.

1804 ஏப்ரல் 9-ஆம் தேதி நெக்கர் காலமானார். வயது 71. கொப்பேயில் மனைவி பக்கத்தில் வைத்தார்கள். அந்த 20 லட்சம் லிவர் என்ன ஆயிற்று? மகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். புரட்சி அரசும் கொடுக்கவில்லை, நெப்போலியனும் கொடுக்கவில்லை. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, பதினெட்டாம் லூயி காலத்தில்தான் திரும்பக் கிடைத்தது.

நமக்கு என்ன?

நெக்கர் பெரிய புரட்சிக்காரர் இல்லை. மன்னரும் வேண்டும், ஜனங்களும் வேண்டும் என்று நடுவில் நின்று, கடைசியில் இரண்டு பக்கமும் இல்லாமல் போனவர். ஆனால் அவர் திறந்த நோட்டை அப்புறம் யாராலும் மூட முடியவில்லை. 1789-ல் வந்த மனித உரிமைப் பிரகடனத்திலேயே, பொது அதிகாரி எவரிடமும் கணக்குக் கேட்கச் சமுதாயத்துக்கு உரிமை உண்டு என்று ஒரு விதி இருக்கிறது. நம் நாட்டில் 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பத்து ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பக்கத்து வீட்டுச் சித்தாளும் கேட்கலாம், ரோட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று.

கேட்பது அவர்கள் உரிமை. எழுதப் போவது யார்? நாம்தான் நண்பர்களே! இன்னும் கொஞ்ச நாளில் சிவில் நண்பர்கள் எம்-புக்கில் அளவு எழுதுவார்கள். நாங்கள் ஸ்டோர் ரெஜிஸ்டரில் இருப்பு எழுதுவோம். எலெக்ட்ரிகல் நண்பர்கள் மீட்டர் கணக்கு எழுதுவார்கள். ஒரு மூட்டை சிமெண்டைக் கூட எழுதச் சொல்லி யாராவது தோளில் கை போடுவார்கள். அல்லது எழுதாமல் ஒரு பக்கத்தை விட்டுவிடச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான். நீல அட்டைப் புத்தகம் எனக்குச் சொல்வது அதைத்தான்.

முதல் வேலையாக, இந்த மலரின் வரவு செலவையும் அறிவிப்புப் பலகையில் போடும்படி நம் சங்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். விளம்பரத்தில் வந்தது எவ்வளவு, அச்சுக்கூலி எவ்வளவு, இன்னும் தர வேண்டிய பாக்கி எவ்வளவு, எல்லாப் பக்கமும். போட்டதும் போய்ப் படியுங்கள். கூட்டிப் பாருங்கள். கணக்கு இடித்தால் வந்து கேளுங்கள்.